யாழ்ப்பாணத்தில் கடலில் குளிக்கப் போகிறீர்களா? முதலில் காற்றைப் பாருங்கள்

விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வருகிற சொந்தக்காரர் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எந்தக் கடற்கரை நல்லது, கசூரினாவா, சாட்டியா, மணற்காடா? இதற்கு ஒரு பெயரைப் பதிலாகச் சொல்லிவிட முடியாது. ஜூலையில் கண்ணாடி மாதிரிக் கிடக்கிற கரையே டிசம்பரில் கலங்கி அடிக்கும். குடாநாட்டுக்கு வடக்கே ஒரு கடல், கிழக்கே ஒரு கடல், தெற்கே தீவுகளுக்கு நடுவே இன்னொரு கடல் என்று இருப்பதால், அநேகமாக எந்த மாதத்திலும் ஏதாவது ஒரு பக்கம் அடங்கித்தான் இருக்கும். அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிக்கிற முறையைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதல் படி காற்று. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோழகம் அடிக்கும். மழையோடு வாடை தொடங்கினால் தை, மாசி வரைக்கும் வடகிழக்குத்தான். இரண்டுக்கும் இடையில் பங்குனி, சித்திரையில் கடல் எல்லாப் பக்கமும் இளகிக் கிடக்கும், அந்த நாட்களில் இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை, வெயிலை மட்டும் சமாளித்தால் போதும்.

மாதத்தை மட்டும் நம்பாமல் அன்றைய காற்றையும் பாருங்கள். நான் பாவிப்பது விண்டி என்கிற செயலி. வானிலை சொல்ல எத்தனையோ செயலிகள் இருக்கின்றன, ஆனால் மழை வருமா வராதா என்று மட்டும் சொல்கிறவை கடலுக்கு உதவாது. புதிதாகப் பார்க்கிற எல்லோரையும் குழப்புகிற இடம் ஒன்று இருக்கிறது, கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். 'தென்மேற்கு' என்று போட்டிருந்தால் காற்று தென்மேற்கை நோக்கிப் போகிறது என்று அர்த்தமில்லை, தென்மேற்கிலிருந்து வருகிறது. அம்புக்குறியோ அது போகிற பக்கத்தைக் காட்டும். எழுத்து ஒரு திசை, அம்பு எதிர்த் திசை என்று பார்த்துக் குழம்பி, நேர்மாறான கரைக்குப் போய் நிற்கிறவர்கள் நிறையப் பேர். ஊர்க் கணக்கில் பிடித்தால் சுலபம்: சோழகம் என்றாலும் வாடை என்றாலும் நாங்கள் பெயர் வைத்திருப்பது அது வருகிற திசையை வைத்துத்தான். வேகம் மணிக்கு 15 கிலோமீற்றருக்குள் இருந்தால் பிள்ளைகளோடு போகலாம். 25-ஐத் தாண்டினால் கடல் முழுக்க வெள்ளை நுரை தெரியும், அன்றைக்குக் காற்று நேரே வந்து மோதுகிற கரைக்குப் போக வேண்டாம்.

சரி, இனிக் கரை. காரைநகர்க் கசூரினா வடக்குப் பார்த்த கரை. சோழக காலத்தில் காற்று உங்கள் முதுகுப் பக்கமாக, நிலத்தைத் தாண்டி வரும், அதனால் தண்ணீர் அசையாமல் கிடக்கும். ஆழமும் மெல்ல மெல்லத்தான் கூடும், நீண்ட தூரம் நடந்தாலும் இடுப்பளவுதான். முதன்முதலாகக் கடலில் இறங்குகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பொன்னாலைப் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும், சவுக்கு மர நிழலும் இருக்கிறது.

வாடை காலத்தில் மழை விட்ட நாளாகப் பார்த்துச் சாட்டிக்குப் போங்கள். பண்ணைப் பாலத்தால் ஏறி மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி கழிந்து வேலணை. கரை தெற்குப் பார்த்தது, வாடை அங்கே தணிந்துவிடும். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் பண்ணைப் பாலத்தில் பக்கக் காற்றுக்கு வேகத்தைக் குறையுங்கள்.

மணற்காடு வேறு மாதிரி. வல்லிபுர ஆழ்வார் கோயில் பக்கமாகப் போனால் மணல் மேடுகளும், பாதி மணலுக்குள் புதைந்த பழைய தேவாலயமும் வரும், அந்த அழகுக்காகவே ஒரு நாளை ஒதுக்கலாம். ஆனால் அது வங்காள விரிகுடா, இடையில் தடுப்பே இல்லை. அலை உடைந்து திரும்பும்போது ஒரு ஒடுங்கிய இடத்தால் தண்ணீர் வெளியே ஓடும், மேலே பார்த்தால் அந்த இடம் மட்டும் அலை இல்லாமல் அமைதியாகத் தெரியும், ஆட்கள் அதைத்தான் பாதுகாப்பான இடம் என்று நினைத்து இறங்குகிறார்கள். அகப்பட்டால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள், கரைக்குச் சமாந்தரமாக நீந்தி இழுவையிலிருந்து விலகிய பிறகு திரும்புங்கள். நீந்தத் தெரியாதவர்கள் அங்கே மணலோடு நிற்பதுதான் என் விருப்பம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்த ஊர் அது, இறந்தவர்களைப் புதைத்த இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. பாட்டைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

காங்கேசன்துறையிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் பல இடங்களில் கரை சுண்ணாம்புக் கல். பார்க்க அழகு, காலை வெட்டும். அங்கே குளிக்க நினைக்க வேண்டாம்.

நேரம் விடிய 6 மணிக்கும் 9 மணிக்கும் இடையில், இல்லாவிட்டால் பின்னேரம் 4 மணிக்குப் பிறகு. நடுப்பகலில் மணலே சுடும்.

கொண்டுபோக வேண்டியதில் இரண்டைத்தான் வலியுறுத்துவேன். ஒன்று, காலில் இறுக்கமாக நிற்கிற பழைய கன்வஸ் சப்பாத்து. பாட்டாச் செருப்பு தண்ணீருக்குள் கழன்று போய்விடும். இரண்டாவது, சுடுதண்ணீர்ப் போத்தல். தேத்தண்ணிக்கு மட்டுமில்லை. ஆழமில்லாத மணலில் திருக்கை படுத்திருக்கும், காலைத் தூக்கி வைக்காமல் மணலோடு அரக்கி அரக்கி நடந்தால் அது தானே விலகிப் போகும். தப்பித் தவறிக் குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில் தண்ணீரைக் கலந்து காலை அதற்குள் வைத்தால் வலி குறையும். ஆனால் வைத்தியசாலைக்குப் போகத்தான் வேண்டும். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தினால் தாமதிக்காமல் 1990-க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இறங்குவதற்கு முன் கரையில் வலை காயவைத்துக்கொண்டு நிற்கிற யாரிடமாவது கேளுங்கள்: "அண்ணை, இதில இறங்கலாமோ? வலை போட்டிருக்கோ?" எந்தச் செயலியும் சொல்லாத விஷயம் அவர்களுக்குத் தெரியும், சொறிமுட்டை (ஜெலி மீன்) வந்திருக்கிறதா, நேற்று எந்தப் பக்கம் இழுத்தது என்பது வரைக்கும். கரைவலை இழுக்கிற நேரத்தில் கயிற்றுக்கு அருகே போகாதீர்கள், அது அவர்களுடைய அன்றாடச் சோறு.

கரையில் சாதாளை குவிந்து கிடந்தால் முகம் சுளிக்க வேண்டாம். அது அழுக்கு இல்லை, கடலுக்கு அடியில் வளர்கிறதைக் காற்று கொண்டுவந்து ஒதுக்கியது. கொஞ்சத் தூரம் தள்ளி நடந்தால் வெள்ளை மணல் கிடைக்கும்.

உப்புக் கழுவ சாட்டியில் நன்னீர்க் கிணறு இருக்கிறது. வடக்குப் பக்கம் போனவர்களுக்கு என் தெரிவு கீரிமலைக் கேணி, கடலுக்குப் பக்கத்திலேயே ஊற்று நீர், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கேணி. நகுலேஸ்வரத்தின் தீர்த்தம் அது, சவர்க்காரம் போடாதீர்கள். ஆடி அமாவாசையில் பிதிர்க்கடன் செய்ய ஊரே அங்கே திரளும், அன்று குளித்து விளையாடப் போக வேண்டாம்.

பின்சேர்க்கை: இதை வாசித்த ஒருவர் கேட்டார், கசூரினாவில் சோழக காலத்தில் கடல் அடங்கியிருக்கும் என்றீர்கள், என் பிள்ளையின் காற்றடைத்த ரியூப் மட்டும் ஏன் கடலுக்குள் ஓடியது என்று. மிக முக்கியமான கேள்வி. நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கிற காற்றுத் தண்ணீரை அமைதியாக வைத்திருக்கும், ஆனால் மிதக்கிற எதையும் வெளியே தள்ளும். ஆகவே சோழக மாதங்களில் அங்கே ரியூப், காற்று மெத்தை, பந்து எதுவும் வேண்டாம். போனால் போகட்டும், துரத்திக்கொண்டு நீந்தாதீர்கள். நீந்தத் தெரியாத பிள்ளைக்கு உடம்போடு பூட்டுகிற லைஃப் ஜக்கெற்றுத்தான் சரி, அது போட்டிருந்தாலும் கையெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும்.

இன்னொருவர் பஸ்ஸைப் பற்றிக் கேட்டார். காரைநகருக்கும் வேலணைக்கும் பஸ் போகும், ஆனால் கடற்கரை வாசலிலேயே இறக்கிவிடும் என்று நினைக்காதீர்கள், சந்தியிலிருந்து ஓட்டோ பிடிக்க வேண்டியிருக்கலாம். இறங்கும்போதே நடத்துநரிடம் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு, அதற்கு முந்தைய பஸ்ஸுக்குச் சந்திக்கு வந்து நில்லுங்கள்.