மாடியில் சோலார் போடும் முன்

முதலில் கரண்ட் பில்லை எடுங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்குள் முடிந்தால் பேனலுக்கு அவசரமில்லை. வெந்நீருக்குத்தான் செலவென்றால் சோலார் வாட்டர் ஹீட்டர் போதும். ஆனால் உப்புத் தண்ணீர் என்றால் குழாயில் உப்புப் படியும்.

மதுரையில் நாங்கள் 3 கிலோவாட் பேனல் போட்டோம். கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி, நாளுக்கு 4 யூனிட் என்று கணக்கு வையுங்கள். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் மொத்தம் 78,000 ரூபாய், அது பிறகுதான் வங்கிக் கணக்கில் ஏறும். முதலில் முழுப் பணத்தையும் புரட்டியதுதான் எங்களுக்குப் பெரும்பாடு.

காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் மாடியேறி நிழலைப் பாருங்கள். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிழலால் எங்கள் பேனலை இடம் மாற்ற வேண்டியதாயிற்று.

பேட்டரி இல்லாத ஆன்கிரிட் சோலார், அதாவது மின்வாரியக் கம்பியோடு இணைந்த சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். நம் பேனல் கரண்ட் கம்பியில் ஏறி, கம்பத்தில் வேலை செய்பவரின் உயிருக்கு ஆபத்தாகக் கூடாது என்பதற்காக அப்படி. எங்களிடம் யாரும் சொல்லவில்லை, நீங்கள் கேட்டுவிடுங்கள்.