திரையில் குதிக்கும் சிம் விளம்பரங்களை நிறுத்த

சென்ட்ரலில் டிக்கெட்டுக்கு க்யூஆர் ஸ்கேன் செய்யும் நேரம் பார்த்து, திரையை மறைத்துக்கொண்டு ஜோசியம், கிரிக்கெட், பாட்டு என்று ஒரு பெட்டி வருகிறதா? அவசரத்தில் 'ஓகே' தட்டிவிடாதீர்கள். சில சேவைகளுக்கு அதுவே சம்மதம், பேலன்ஸ் கரையும். 'கேன்சல்' மட்டும்.

இது வருவது சிம் கார்டிலிருந்து. அதனால் நோட்டிஃபிகேஷனை அணைத்தாலும் நிற்காது. ஆப் பட்டியலில் 'சிம் டூல்கிட்' இருக்கும், அதை நீக்கவும் முடியாது. அதையே திறங்கள். ஏர்டெல் என்றால் 'ஏர்டெல் நவ்', பிறகு 'ஸ்டார்ட்/ஸ்டாப்', அதில் 'ஸ்டாப்'. வி-யில் 'ஃப்ளாஷ்', 'ஆக்டிவேஷன்', 'டீஆக்டிவேட்'. பிஎஸ்என்எல்லில் 'பஸ் சர்வீஸ்' (Buzz Service) என்று தேடுங்கள். சிம்முக்குச் சிம் மெனுவின் பெயர் கொஞ்சம் மாறும். ஐபோனில் செட்டிங்ஸ், மொபைல் சர்வீஸ், 'சிம் அப்ளிகேஷன்ஸ்'.

இரண்டு சிம் இருந்தால் தனித்தனியாகச் செய்யவேண்டும். பலர் ஒன்றோடு விட்டுவிடுகிறார்கள். சிம் மாற்றினால் மறுபடியும் முதலிலிருந்து. ஏற்கெனவே காசு போயிருந்தால் 155223-ஐ அழைத்து அந்தச் சேவையை ரத்து செய்யலாம்.

மழை, புயலுக்கு அலறும் அவசர எச்சரிக்கை வேறு செட்டிங். நவம்பர், டிசம்பரில் அதில் கை வைக்காதீர்கள்.