பாத்ரூம் புதுப்பிக்கிறீர்களா? டைல்ஸ் கடைக்குக் கடைசியாகப் போங்கள்

பழைய அடுக்குமாடி வீட்டில் பாத்ரூமை இடித்துப் புதிதாகச் செய்யலாம் என்று முடிவானதும், பெரும்பாலானோர் குடும்பத்தோடு கிளம்பிப் போவது டைல்ஸ் கடைக்குத்தான். தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. கண்ணுக்குப் பிடித்த டைல்ஸ், மழை ஷவர், சுவரில் தொங்கும் கம்மோடு என்று கையிலிருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும். பைப், வாட்டர்ப்ரூஃபிங், ஒயரிங், கூலி எல்லாவற்றையும் மிச்சத்துக்குள் அடக்கப் பார்ப்பார்கள்.

ஒவ்வொரு செலவுக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: நாளைக்கு இதை மாற்ற டைல்ஸை உடைக்க வேண்டியிருக்குமா? ஆமாம் என்றால் அதற்கு முதலில் பணம் எடுத்து வையுங்கள், நல்லதாகவே வாங்குங்கள். இல்லையென்றால் இப்போதைக்குச் சாதாரணமானது போதும். வாஷ்பேசின், கண்ணாடி, டவல் கம்பி எல்லாவற்றையும் பிளம்பர் ஒரு மதியத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார். சுவருக்குள் புதைத்த டைவர்ட்டர் (தண்ணீரைக் குழாய்க்கும் ஷவருக்கும் திருப்பிவிடும் வால்வு) அப்படியில்லை. அதை மட்டும், உதிரி பாகம் உங்கள் ஊர்க் கடையிலேயே கிடைக்கிற கம்பெனியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

பழைய வீடுகளில் சுவருக்குள் ஓடுவது பெரும்பாலும் ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப். உள்ளே துருவும் உப்பும் ஏறியிருக்கும். “தண்ணிதான் வருதே, இருக்கட்டும்” என்று அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டுவதைப்போல வீண் செலவு வேறில்லை. இடிப்பதுதான் இடிக்கிறோம், சுவரில் காடி (பைப் பதிக்கும் பள்ளம்) எடுத்து, துருப்பிடிக்காத பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி. பைப்பாக மாற்றிவிடுங்கள். காடியைப் பூசி மூடுமுன் முனைகளை அடைத்து, பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றி, கேஜ் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பைப் போகும் பாதையை, பக்கத்தில் டேப் பிடித்துப் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது. பிறகு எப்போதாவது ஆணிக்குத் துளை போடும்போது அந்தப் படத்தின் அருமை தெரியும்.

அடுத்தது தரை. பல அடுக்ககங்களில் பாத்ரூம் தளத்தை மற்ற அறைகளைவிட ஏறக்குறைய ஒரு அடி தாழ்வாக வார்த்திருப்பார்கள். கொத்தனார்கள் ‘சங்கன்’ என்பது இதைத்தான். அந்தப் பள்ளத்தில் கழிவுநீர் பைப் ஓடும். மேலே செங்கல் ஜல்லி போட்டு நிரப்பி, கான்கிரீட் போட்டு, டைல்ஸ் பதித்திருப்பார்கள். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறது என்றால் பெரும்பாலும் அந்த நிரப்பலுக்குள் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். மேல் டைல்ஸை மட்டும் மாற்றினால் அந்தத் தண்ணீர் எங்கும் போகாது. பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டுவது இன்னும் மோசம். கசிவு அப்படியே இருக்க, தரை மட்டமும் உயர்ந்து, வாசலைத் தாண்டித் தண்ணீர் அறைக்குள் வர ஆரம்பிக்கும்.

மதிப்பீட்டில் ‘வாட்டர்ப்ரூஃபிங்’ என்று ஒரே வரி இருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எத்தனை கோட், சுவரில் எவ்வளவு உயரம் வரை, பைப் தளத்தைத் துளைக்கும் இடங்களில் என்ன பூசுவீர்கள் என்று கேளுங்கள். தரையை ஒட்டி ஒரு அடியும் ஷவர் பக்கம் ஆள் உயரமும் பூசுவது நல்லது. பூச்சு காய்ந்ததும் தரையில் தண்ணீர் வெளியேறும் டிராப் வாயை அடைத்து, தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் குறித்து, 48 மணி நேரமாவது விட வேண்டும். நடுவில் கீழ்வீட்டுக்குப் போய் அவர்கள் கூரையைப் பாருங்கள். இந்தச் சோதனையைத் தவிர்க்கத்தான் எல்லோரும் அவசரப்படுவார்கள், நாம் உட்பட. அந்த இரண்டு நாளை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கம்மோடைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிளம்பிங்கை முடிப்பது இன்னொரு தவறு. கழிவு தரை வழியாகப் போனால் எஸ் டிராப், சுவர் வழியாகப் போனால் பி டிராப். எஸ் டிராப்பில், டைல்ஸ் ஒட்டி முடிந்த சுவரிலிருந்து துளையின் மையம் வரை எவ்வளவு தூரம் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். பொருளை உடனே வாங்காவிட்டாலும் மாடலை முடிவு செய்து, அதன் அளவுத் தாளைப் பிளம்பர் கையில் கொடுத்துவிடுங்கள்.

மேல்மாடி வீட்டுக்காரர்கள் மழை ஷவருக்கு ஆசைப்படுமுன் மொட்டை மாடித் தொட்டியைப் பார்க்கட்டும். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம். தொட்டி ஷவருக்கு 3 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது 0.3 பார்தான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஷவரானாலும் அதில் சொட்டத்தான் செய்யும். பிரஷர் பம்ப் வைப்பதென்றால் அதற்கான மின் இணைப்பையும் இப்போதே திட்டத்தில் சேருங்கள். போர் தண்ணீர் உப்பாக உள்ள வீட்டில் ஷவர் துளைகளும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

கீசருக்கு 16 ஆம்பியர் பாயின்ட், தனி ஒயர், சரியான எர்த், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இவற்றில் பேரமே வேண்டாம்.

இப்போது டைல்ஸ். 8க்கு 5 அடி பாத்ரூம் என்று வையுங்கள். தரை 40 சதுர அடி. சுற்றளவு 26 அடி, 7 அடி உயரம் ஒட்டினால் 182. கதவுக்குப் பதினேழரை கழித்தால் சுவருக்குச் சுமார் 165. வெட்டுச் சேதாரம் 10 சதவீதம் சேர்த்தால் மொத்தம் 225 சதுர அடி. கடையில் சதுர அடிக்கு 30 ரூபாய் கூடுதலான டைல்ஸுக்குத் தாவினால் 6,750 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்னைக் கேட்டால் அந்தப் பணம் வாட்டர்ப்ரூஃபிங்குக்குப் போகட்டும். பெட்டிகள் எல்லாவற்றிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள், பேட்ச் மாறினால் நிறம் லேசாக மாறும். தரைக்கு வழுவழுப்பு வேண்டவே வேண்டாம், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் சொல்லவே தேவையில்லை.

கூலி பேசும்போது எதெல்லாம் சேரவில்லை என்பதையும் எழுதி வாங்குங்கள். இடிபாட்டை மூட்டை கட்டி இறக்குவது, மணலை மாடிக்கு ஏற்றுவது, லாரி வாடகை, கடைசியில் ஃபிட்டிங் மாட்டும் கூலி எல்லாம் பிறகுதான் தலைகாட்டும். இடிபாட்டைத் தெருமுனையில் கொட்டச் சொல்லாதீர்கள். சென்னையில் மாநகராட்சி அபராதம் போடும். அசோசியேஷனில் வேலை நேரத்தையும் லிஃப்ட் உபயோகத்தையும் முன்கூட்டியே பேசுங்கள். சில பழைய கட்டடங்களில் உங்கள் கழிவுநீர் பைப் கீழ்வீட்டுக் கூரைக்கடியில் ஓடும். அப்படியானால் அவர்கள் சம்மதமில்லாமல் அதைத் தொடவே முடியாது.

இவ்வளவும் கூட்டியபின் 15 முதல் 20 சதவீதம் தனியாக வையுங்கள், உடைத்த பிறகுதான் சில விஷயங்கள் தெரியவரும். ஒரே பாத்ரூம் உள்ள வீடென்றால் வேலை முடியும்வரை குடும்பம் எங்கே குளிக்கும் என்பதும் திட்டத்தில் ஒரு வரி. தீபாவளி, பொங்கலை ஒட்டி ஆரம்பித்தால் ஆட்கள் ஊருக்குப் போய்விட்டு எப்போது திரும்புவார்கள் என்று மேஸ்திரிக்கே தெரியாது.

பணத்தை வேலை நகர நகரக் கொடுங்கள். கடைசி 10 சதவீதத்தை உபயோகிக்க ஆரம்பித்துச் சில வாரம் கழித்துத் தருவதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரை மூலையில் ஊற்றிப் பாருங்கள். எங்காவது தேங்கினால் வாட்டம் (தண்ணீர் வடியும் சரிவு) சரியில்லை, திரும்ப எடுத்துப் பதிக்கச் சொல்லுங்கள்.