பாட்டி தைத்த போர்வையைக் கொடியில் போடாதீர்கள்

பழைய புடவைகளை அடுக்கிப் போர்வை தைக்க மதுரையில் வகுப்பு எடுக்கிறேன். கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு மூட்டையும் இருக்கும். "அக்கா, எங்க அப்பத்தா தைச்சது. கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க." மூட்டையைப் பிரிக்கும்போதே என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துவிடும். ஆளுக்கு ஆள் புடவை வேறு, தவறு மட்டும் அதேதான்.

வாஷிங் மெஷினில் போடாதே, பிளீச்சிங் பவுடர் காட்டாதே என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். பக்குவமாகச் செய்கிறோம் என்று நம்பிக் கெடுத்துக்கொள்வதைப் பற்றித்தான் பேச்சு.

கொடியில் காயப்போடுவது

இதை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வரும். "மெஷின்ல போடலக்கா, கையாலதான் அலசினேன்" என்று பெருமையாகச் சொல்வார்கள். சரி, அப்புறம்? "மாடிக் கொடியில போட்டேன்." போச்சு.

நாலைந்து நூல் புடவைகளை அடுக்கிய போர்வை தண்ணீர் குடித்தால் எடை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகும். அதைக் கொடியில் மடித்துப் போட்டால் இரண்டு பக்கமும் தொங்குகிற மொத்த எடையையும் கயிறு படுகிற ஒற்றைக் கோடு தாங்க வேண்டும். அந்தக் கோட்டில் இருப்பது என்ன? பலமுறை துவைத்து நைந்த துணி, அதைவிட நைந்த தையல் நூல். பருத்தி நனைந்தால் வலுவாகும் என்பது உண்மைதான். அது நல்ல நூலுக்கு. ஐம்பது வருஷம் உடுத்தி, விரித்து, போர்த்திய நூலை நம்பி எடை ஏற்ற முடியாது.

போன வருஷம் ஒரு பெண் கொண்டுவந்த போர்வையில் மேல்துணி அரக்குச் சுங்குடி. உள்ளே இரண்டு வேட்டி, அடியில் ஒரு கட்டம் போட்ட புடவை. ஒரு விரல் இடைவெளியில் வரிவரியாக ஓட்டுத்தையல். ஒரு வரியில் பாதியிலேயே கறுப்பு நூல் தீர்ந்து நீல நூலுக்கு மாறியிருந்தது. தைத்தவர் எழுந்து கடைக்குப் போகவில்லை, கையில் இருந்ததைக் கோத்துக்கொண்டார். அவ்வளவு அருமையான வேலையின் நடுவே, குறுக்காக, பிளேடு வைத்து இழுத்தது போல எல்லா வரியிலும் தையல் அறுந்திருந்தது. பிடிப்பு விட்டதும் உள்ளே இருந்த வேட்டிகள் சரிந்து ஓரத்தில் சுருண்டு கிடந்தன. "எலி கடிச்சிருக்குமோ?" என்று கேட்டார். எலி கடித்தால் நேர்கோட்டில் கடிக்குமா?

ஓட்டுத்தையலில் ஓர் இடத்தில் நூல் அறுந்தால் அதோடு நிற்பதில்லை. அறுந்த முனை பக்கத்துத் தையலிலிருந்து உருவிக்கொள்ளும், அப்புறம் அதற்கடுத்தது. அதைச் சரிசெய்ய, உள்துணியைக் கையால் நீவி நீவிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, தற்காலிகமாக நூலோட்டி நிறுத்தி, பழைய ஊசித் துளைகளிலேயே புது நூலை ஏற்ற வேண்டும். புதுத் துளை போட்டால் துணி இன்னும் பலவீனமாகும். அந்த ஒரு போர்வைக்கு ஒரு மழைக்காலமே போனது. இத்தனைக்குப் பிறகும் நடுவில் ஓடுவது என் தையல், அந்த அம்மாவுடையது இல்லை.

அதனால் முதலில் துவைக்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். பெரும்பாலும் தூசிதான் இருக்கும். போர்வை மேல் கொசுவலையை விரித்து, வேக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்து வலைக்கு மேலாக மெதுவாக நகர்த்தினாலே பாதி அழுக்கு போய்விடும். துவைத்தே ஆகவேண்டும் என்றால், அகலமான தொட்டியில் முதலில் ஒரு பழைய பெட்ஷீட்டை விரியுங்கள். அதன்மேல் போர்வை. உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி அலசுங்கள், முறுக்கிப் பிழிய வேண்டாம். தண்ணீரை வடித்துவிட்டு, இரண்டு பேராக பெட்ஷீட்டின் நான்கு முனையையும் பிடித்துத் தூக்குங்கள். எடை பெட்ஷீட் மேல் விழும், போர்வை மேல் விழாது. டவல்களுக்கு நடுவே வைத்து ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, கயிற்றுக் கட்டிலில் நிழலாகப் பரப்புங்கள். ஃபேன் ஓடட்டும். வெயிலில் போட்டால் பூச்சி சாகும் என்பார்கள். பூச்சி சாகிறதோ இல்லையோ, சாயம் வெளிறும்.

சாயம் பார்க்காமல் நனைப்பது

சுங்குடிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் போர்வையில் இருப்பது ஒரே புடவை இல்லையே. ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, வெள்ளைத் துணியால் சில நிமிஷம் அழுத்திப் பாருங்கள். பிறகு சோப்புத் தண்ணீரிலும் அதேபோல. வெள்ளைத் துணியில் லேசாக ஒட்டினால்கூட நனைக்காதீர்கள். சிவப்பு ஓடி வேட்டியில் ஏறிவிட்டால் அதை இறக்க என்னிடம் வழி கிடையாது.

பட்டு

கலந்திருந்தால் தண்ணீரே வேண்டாம். நூலும் பட்டும் ஒரே அளவில் சுருங்காது. பட்டு நனைந்தால் பலமும் குறையும்.

கெட்டி நூலால் ஒட்டுப் போடுவது

கிழிசலைக் கண்டதும் பாலியஸ்டர் நூலை எடுத்து நெருக்கமாகத் தைத்துவிடுகிறார்கள். பிறகு இழுவை விழுந்தால் நூல் அறாது, துணி அறும். மென்மையான பருத்தி நூல், ஒற்றை இழை, தளர்வான தையல் போதும். வங்காளத்தில் காந்தா என்ற பழம்புடவைப் போர்வை தைத்த பெண்கள் பழைய புடவையின் கரையிலிருந்தே நூலை உருவி எடுத்தார்கள். துணியும் நூலும் ஒரே வயது என்பதால் ஒன்றை ஒன்று வெட்டாது.

கிழிந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத்துணி வைப்பதும் வேண்டாம். கிழிசல் அங்கேயே இருக்கட்டும். மெல்லிய வலைத்துணியை மேலே போர்த்தி, சுற்றியுள்ள நல்ல துணியில் தைத்துவிடுங்கள்.

கஞ்சி போட்டு வைப்பது

கஞ்சியைத் தின்னும் ராமபாணப் பூச்சிக்கு இலை போட்டுப் பரிமாறுகிறீர்கள்.

பிளாஸ்டிக் உறை, அந்துருண்டை

புடவைக் கடை கொடுத்த ஜிப் வைத்த உறையில் போட்டுப் பூட்டினால் ஈரம் உள்ளேயே நின்று பூசணம் பிடிக்கும். காடாத் துணியில் சுற்றி வையுங்கள். புதுக் காடாவிலும் கஞ்சி இருக்கும், அலசிவிட்டுச் சுற்றுங்கள். மரப்பெட்டி என்றால் மரம் நேரடியாகத் துணியில் படக்கூடாது. மரத்தின் அமிலம் ஏறிப் பழுப்பாகும்.

அந்து தின்பது கம்பளியையும் பட்டையும். சுத்தமான நூல் போர்வைக்கு அந்துருண்டையால் பெரிய பயன் இல்லை, நாற்றம்தான் மிச்சம். அதைவிட, சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பிரித்து மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே துணி ஒடியும்.

குண்டூசி

எடுத்துவிடுங்கள். துருக்கறை போகாது.

அளவுகோலோடு உட்காருவது

புதிதாகத் தைக்க வருகிறவர்கள் முதல் நாளே சதுரம் சதுரமாக வெட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். இணையத்தில் பார்த்த படம் மனதில் இருக்கும். கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் கவந்தி என்ற போர்வையை ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றி வந்து, உள்நோக்கிப் போய் நடுவில் முடிக்கிறார்கள். துண்டு எந்த அளவில் கிடைக்கிறதோ அந்த அளவு. அமெரிக்காவில் அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊரில் கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலையுடுப்புகளில் கோணல்மாணலாகத் தைத்தவை 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவருக்கே போயின.

வெட்டுவதற்கு முன் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். வலை போலத் தெரியும் இடத்தை விடுங்கள். முந்தானைப் பக்கம் பெரும்பாலும் நன்றாக இருக்கும், உட்கார்ந்து உட்கார்ந்து நைந்த பின்பகுதி இருக்காது. பிறகு தரையில் விரித்து, எதிரெதிரே இரண்டு பேர் உட்கார்ந்து தைத்துப் பாருங்கள். கை பழகியதும் ஊசி தானாகப் போகும், வாய் பேசிக்கொண்டே இருக்கும். இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அந்தப் பேச்சுதான். மாமியாரும் மருமகளும் சேர்ந்து வந்த ஒரு வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுக்கவே இடம் கிடைக்கவில்லை.

யாருடைய புடவை என்று கேட்காமல் விடுவது

தைத்தவர் இருக்கும்போதே கேளுங்கள். "இந்தப் பச்சை யாரோடது? இது எந்தத் தீபாவளிக்கு எடுத்தது?" இதைச் சொல்ல அவரைத் தவிர ஆள் கிடையாது. கேட்டதைப் பேனாவால் துணியில் எழுதாதீர்கள், மை பரவும். அலசிய பருத்தி நாடாவில் பெயரையும் வருஷத்தையும் நூலால் தைத்து, போர்வையின் பின்பக்க மூலையில் வையுங்கள். நாடாவைத் தைக்கும்போது அடித்துணியை மட்டும் பிடித்தால் போதும், எல்லா அடுக்கையும் குத்த வேண்டாம்.