மில்க்வீட் செத்துவிட்டது என்று தோண்டாதீர்கள்

டொராண்டோவில் மே மாதம் பிறந்தால் தோட்டம் முழுக்கத் துளிர்த்துவிடும். மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களுக்காக நாம் நடும் ஸ்வாம்ப் மில்க்வீட் செடி மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். முதல் வருடம் நான் பொறுமையில்லாமல் மண்வெட்டியைப் போட்டுவிட்டேன். வெள்ளை வேர்கள் உயிரோடு வெளியே வந்த பிறகுதான் என் அவசரம் உறைத்தது. மண் சூடேறினால்தான் இது தலைகாட்டும். சில வருடம் மே கடைசிகூட ஆகும். இலையுதிர் காலத்தில் காய்ந்த தண்டை வெட்டாமல் விடுங்கள், அதுவே அடையாளக் குச்சி.

விதைக்கும்போதும் இதே அவசரம்தான். வசந்தத்தில் பாக்கெட்டைப் பிரித்து நேராகத் தூவினால் பெரும்பாலும் முளைக்காது. ஈரக் குளிரில் ஒரு மாதமாவது கிடக்க வேண்டிய விதை இது. நவம்பரில் மண்மேல் தூவி லேசாக அழுத்திவிட்டால் பனிக்காலம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

இடம்? இது குளக்கரை, ஓடைக்கரைச் செடி. நல்ல வெயிலும் வேரில் ஈரமும் வேண்டும். காய்ந்த மேட்டில் வைத்துவிட்டு வாடுகிறதே என்று புலம்பக்கூடாது. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய்க்குப் பக்கத்து மூலை பொருத்தம். களிமண்ணாக இருந்தாலும் பரவாயில்லை.

கடையில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் வெப்பமண்டல மில்க்வீட்டும் கண்ணில் படும். அழகுதான், ஆனால் முதல் உறைபனியோடு போய்விடும். நமக்கு வேண்டியது இளஞ்சிவப்புப் பூ. பூச்சிமருந்து அடிக்காத செடிதானா என்றும் கேட்டு வாங்குங்கள்.

நம் ஆட்கள் அதிகம் சறுக்குவது வேப்பெண்ணெயில்தான். தண்டில் மஞ்சள் அசுவினி மொய்த்ததுமே ஊர்ப் பழக்கத்தில் கலக்கித் தெளித்துவிடுகிறோம். மொனார்க் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவதும் அதே செடியில்தான். பொரிந்த குஞ்சுப் புழு எண்ணெய் பட்ட இலையைத் தின்றால் பிழைப்பது கடினம். இலையடியில் முட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அசுவினியை விரலால் நசுக்கினால் போதும்.

அப்புறம், இலை ஓட்டையாகிறதே என்று பதறுகிறவர்களுக்கு: ஊரில் எருக்கிலையை வரிப்புழு மேய்வதைப் பார்த்திருப்பீர்கள். எருக்கும் இதுவும் ஒரே குடும்பம். அந்தப் புழுவும் மொனார்க் புழுவுக்குச் சொந்தக்கார இனம்தான். மொனார்க் புழு தின்பதற்காகத்தானே மில்க்வீட்டை நடுகிறோம்! சுமார் இரண்டு வாரத்தில் ஒரு செடியையே மொட்டையாக்கிவிடும், அதனால் ஒன்றோடு நிறுத்தாமல் நான்கைந்தாகச் சேர்த்து நடுங்கள். மொட்டையான செடி மறுபடி துளிர்க்கும்.

கிள்ளினால் வடியும் பாலும் எருக்கம்பால் மாதிரிதான். கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள்.