சைன் அலையின் கட்டத்தை நேரத்தில் பாருங்கள்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னியல் படிக்கும் பிள்ளைகளே, கட்டத்தை (phase), அதாவது ஓர் அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை, சூத்திரத்தில் தேடித் திணற வேண்டாம். சிங்கப்பூர் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு 20 மில்லிவினாடி. அதுவே 360 பாகை. ஆக, 1 மில்லிவினாடிக்கு 18 பாகை. இந்த எண் மனத்தில் நின்றால் பாதிக் குழப்பம் தீரும்.

சைன் அலையைத் தரும் சிக்னல் ஜெனரேட்டரை 50 ஹெர்ட்ஸில் வைத்து, 3.3 கிலோஓம் மின்தடையையும் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் தொடராக இணையுங்கள். அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் மின்தேக்கியின் அலை, உள்ளீட்டு அலைக்கு ஏறத்தாழ 2.5 மில்லிவினாடி பிந்தி வரும். அதாவது, சுமார் 45 பாகை. அலை பூச்சியக் கோட்டை மேல்நோக்கிக் கடக்கும் புள்ளியில்தான் அளக்க வேண்டும். உச்சி தட்டையாக இருப்பதால் அங்கே துல்லியம் கிடைக்காது. அதற்கு முன் இரு அலைகளின் பூச்சியக் கோடுகளையும் ஒன்றாகப் பொருத்திவிடுங்கள்.

எது முந்துகிறது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இரண்டில் சற்று இடப்பக்கம் இருப்பதே முந்துகிறது, ஏனென்றால் திரையில் இடப்பக்கம் என்பது முந்தைய நேரம். சைன் சூத்திரத்தின் கோணத்தோடு 45 பாகையைக் கூட்டினால் அலை இடப்பக்கம் நகர்வதும் இதனால்தான்.

இரண்டு அலைகளின் அதிர்வெண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. சுவர் மின்சாரத்தில் ஆசிலோஸ்கோப்பை ஒருபோதும் நேரடியாக இணைக்காதீர்கள்.