ஐபாடைக் கையடக்கக் குறிப்பேடாகப் பயன்படுத்துவது எப்படி?

கிளிக் வீல் என்னும் வட்டப் பொத்தானை விரலால் தடவி இயக்கும், ஆப்பிளின் பழைய இசைக்கருவியான ஐபாடைக் கணினியில் இணைத்து, அதைச் சேமிப்பு வட்டாகப் பயன்படுத்தும் தேர்வை ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருளில் இயக்கினால், காண்டாக்ட்ஸ், கேலண்டர்ஸ், நோட்ஸ் என்னும் கோப்புறைகள் திறக்கும். முதலாவதில் விகார்டு என்னும் தொடர்பு விவரக் கோப்புகளையும், இரண்டாவதில் ஐகேலண்டர் என்னும் நாட்காட்டிக் கோப்புகளையும் நகலெடுத்தால் போதும்.

உண்மையான பயன் நோட்ஸில்தான் இருக்கிறது. சாதாரண உரைக்கோப்பு எதையும் அதில் இடலாம் என்றாலும், ஒரு குறிப்பில் சுமார் 4 கிலோபைட் அளவே காட்டப்படும் என்பதால், நீண்ட பயணத்திட்டம் போன்றவற்றைத் துண்டுகளாகப் பிரித்து, 01, 02 எனத் தொடங்கும் பெயர்களில் சேமிப்பது நல்லது. அப்போது அவை வரிசை மாறாமல் நிற்கும். குறிப்புகளை ஐபாடிலேயே திருத்த இயலாது. கணினியில் திருத்தி மீண்டும் நகலெடுக்க வேண்டும். இணைப்பவர் எவரும் இவற்றைப் படிக்கலாம் என்பதால், கடவுச்சொற்களை இதில் வைக்கவே வேண்டாம். கேபிளைப் பிடுங்கும் முன் ஐபாடைக் கணினியிலிருந்து முறைப்படி வெளியேற்றுங்கள் (எஜெக்ட்).